ரயில்வே கேட்டில் கிடைத்த ஐம்பதாம் நம்பர்

போன சம்பா அறுவடையின்போது, நீடாமங்கலத்திலிருந்து திருவாரூர் போகும் வழியில் உள்ளடங்கிய ஒரு கிராமத்தில் நடந்தது இது. தை மாதம். பொங்கல் முடிந்து ஊரெல்லாம் அறுப்பு மும்முரமாக இருந்தது. கடலில் காற்றழுத்தம், மழை வரும் என்று டிவியில் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தையில் மழை என்றால் டெல்டாவில் அறுக்காமல் நிற்கும் நெல்லெல்லாம் வீண்.

நான் அறுப்பு மெஷின்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக். "பொம்பளையா?" என்று முதலில் எல்லாரும் கேட்பார்கள். மெஷின் ஓட ஆரம்பித்ததும் கேள்வி நின்றுவிடும். என் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நடவும் அறுப்பும் செய்தவர்கள். நான் மெக்கானிக்கலில் டிப்ளமோ முடித்துவிட்டு, கணவரோடு சேர்ந்து பட்டறை நடத்துகிறேன். சீசனில் அவர் ஒரு பக்கம் போனால் நான் ஒரு பக்கம் போவேன்.

என் வேலையில் எனக்குக் கர்வம் உண்டு, கருவிகள் விஷயத்தில் அதைவிட அதிகம். மற்றவர்கள் கைப்பையில் சீப்பு இருக்கும், என் பையில் நாலைந்து போல்ட் கிடக்கும். தஞ்சாவூரில் கடைக்குப் போனால் அவற்றை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்து, ஒவ்வொரு ஸ்டார் பிட்டாகப் பொருத்திப் பார்த்துத்தான் வாங்குவேன். ஸ்டார் பிட் என்பது ஆறு முனை நட்சத்திரம் போன்ற குழிக்குள் இறங்கித் திருகுகிற சிறு எஃகுத் துண்டு. குழிக்குள் இறங்கிய பிறகு அது கொஞ்சம்கூட ஆடக் கூடாது. ஆடினால் இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்குக் குழியைத் தின்றுவிடும். நம்பர் மேலே அச்சடித்திருந்தால் போதாது, எஃகில் வெட்டியிருக்க வேண்டும். போல்ட் தலையைக் கவ்வித் திருகும் சாக்கெட் வாங்கினால் ஆறு மூலை உள்ளதுதான் வாங்குவேன், பன்னிரண்டு மூலை இறுகிய போல்ட்டில் வழுக்கும். காற்றழுத்தத்தில் போல்ட் திருகும் இம்பாக்ட் கன்னுக்குக் கறுப்பு நிறத்தில் தடித்த சாக்கெட்தான் சரி. பளபளப்பானதை மாட்டினால் ஒருநாள் வெடித்து முகத்தில் தெறிக்கும்.

ஒருமுறை கடைக்காரர் ஒரு செட்டைத் திறந்து காட்டி, "கண்ணாடி மாதிரி மின்னுது பாருங்கம்மா" என்றார். "முகம் பார்க்க வீட்ல கண்ணாடி இருக்குண்ணே, திருகுறதுக்கு ஏதாவது காட்டுங்க" என்றேன். அதிலிருந்து நான் போனால் உள்ளே இருக்கும் சரக்கைத்தான் எடுத்துவருவார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்று காலை எனக்குப் போன் செய்தது ஒரு பெண். தன் வயலில் மெஷின் நின்றுவிட்டது, உடனே வர முடியுமா என்று கேட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார், அக்கா என்றே கூப்பிட்டேன். நான் போனபோது பாதி வயல்கூட அறுபட்டிருக்கவில்லை. மார்கழிக் காற்றில் கதிர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நுனிகள் ஈரத்தில் கிடந்தன. இன்னொரு மழை விழுந்தால் நெல் கதிரிலேயே முளைத்துவிடும். முளைத்த நெல்லை எந்தக் கொள்முதல் நிலையத்தில் எடுப்பார்கள்?

அக்கா வரப்பில் நின்றுகொண்டு வானத்தைப் பார்ப்பதும் மெஷினைப் பார்ப்பதுமாக இருந்தார். "மத்தவங்க வயல்லயே அறுத்த கை தாயி இது. குத்தகைக்கு எடுத்து, மொத மொறையா நமக்குன்னு அறுக்குறோம்" என்றார். குரலில் அழுகை இல்லை. சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். எனக்கு என் அம்மாவின் கைகள் நினைவுக்கு வந்தன. இந்த நெல் வீடு போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

வேறு மெஷின் கேட்டுப் பார்த்தார்களா என்று விசாரித்தேன். மழைச் செய்தியைக் கேட்டு ஊரே மெஷினுக்கு அலைந்துகொண்டிருந்தது. மெஷின் பிடித்துத் தரும் தரகர், இரண்டு நாளாகும் என்று கையை விரித்துவிட்டாராம்.

கத்தியை ஓட்டும் பெட்டிக்குள் பேரிங் உடைந்திருந்தது. மாற்று பேரிங் மெஷின் டிரைவரிடமே இருந்தது, அந்த மட்டுக்கு நல்லகாலம். பெட்டியின் மூடியை நாலு ஸ்டார் போல்ட்டுகள் பிடித்திருந்தன. நாற்பத்தைந்தாம் நம்பர் பிட்டைப் போட்டேன், மூன்று வந்துவிட்டன. நாலாவதில் பிட் உள்ளே போய்ச் சும்மா சுற்றியது. டார்ச் அடித்துப் பார்த்தால், குழியின் ஆறு முனையும் மழுங்கி வட்டமாகிக் கிடக்கிறது.

"யாரு இதுல ஆலன் கீயைப் போட்டு அடிச்சது?" என்று கேட்டேன்.

டிரைவர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், நல்ல வேலைக்காரர்தான். தலையைச் சொறிந்தார். "சீசன்ல வண்டியை நிறுத்த முடியாதுங்க. கையில எது கெடைக்குதோ அதைப் போட்டுத் திருகிடுறது."

அறுப்பு மெஷின்களில் இது எப்போதும் நடக்கிற கூத்து. ஆறு பட்டை ஆலன் கீ ஸ்டார் குழிக்குள் ஓரளவு இறங்கும். இறங்குகிறதே என்று அடித்துத் திருகுவார்கள். அந்த நேரத்துக்கு வேலை நடந்துவிடும், அடுத்து வருகிற மெக்கானிக் தலையில்தான் கல் விழும். நான் அவரைத் திட்டவில்லை. வானம் கறுத்துக்கொண்டிருந்தது, திட்ட நேரமில்லை.

வெல்டிங் வைத்து எடுக்கலாம். ஆனால் சுற்றிலும் காய்ந்த வைக்கோல், மெஷினில் டீசல். ஒரு பொறி போதும். உளி வைக்கவும் இடமில்லை, போல்ட் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருந்தது. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஒரு அளவு பெரிய பிட்டை, ஐம்பதாம் நம்பரை, சுத்தியலால் அடித்துக் குழிக்குள் ஏற்றினால் அது தனக்கு வேண்டிய பல்லைத் தானே வெட்டிக்கொள்ளும். பிறகு திருகலாம். அதற்கு முறுக்கினால் நெளியாத, அடித்தால் நொறுங்காத பிட் வேண்டும். அப்படிப்பட்ட ஐம்பது எங்களிடம் உண்டு. அன்றைக்கு அது என் கணவரோடு திருவையாறு பக்கம் வேறொரு வேலைக்குப் போயிருந்தது.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நீடாமங்கலம் கடைக்குக் கிளம்பினேன். அங்கே கிடைப்பது மின்னுகிற சரக்காகத்தான் இருக்கும் என்று தெரியும். ஆனாலும் சும்மா நிற்க முடியுமா? ஊருக்குள் நுழையும் முன் ரயில்வே கேட். சாத்தியிருந்தது! நீடாமங்கலம் கேட்டைப் பற்றி எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், அதில் காத்திருந்தே எங்களுக்கெல்லாம் பாதி ஆயுள் போய்விட்டது. அன்று ஒரு கூட்ஸ் வண்டி குறுக்கே வந்து நின்றுவிட்டு, போகவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. நெல் ஏற்றிப்போகிற வேகன்கள். நெல்லே நெல்லுக்கு வழிமறித்து நிற்கிறதே என்று எனக்கு வந்த எரிச்சலில் ஹாரனை அடித்துத் தீர்த்தேன். ரயிலுக்கு ஹாரன் அடித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

எனக்கு முன்னால் ஒரு வேன் நின்றிருந்தது. என்ஜினை அணைத்துவிட்டு ஒரு கன்னியாஸ்திரி இறங்கினார். அறுபதை நெருங்கும் வயது இருக்கும், வெள்ளை அங்கி, தலையில் முக்காடு. பின்கதவைத் திறந்து, அங்கியின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, உள்ளே குனிந்தார். அடுத்த நிமிடம், போல்ட் திருகும் ராட்செட் கைப்பிடியின் "கிர்ர், கிர்ர்" சத்தம். அந்தச் சத்தத்துக்கு என் காது தானாகத் திரும்பும். எட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் அரிசி மூட்டைகள். மறுபக்கம், ஆடிக்கொண்டிருந்த ஒரு சீட்டின் போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். அவர் ராட்செட்டின் முனையில் இருந்தது ஸ்டார் பிட். அளவைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஐம்பது.

கேட்க வாய் வரவில்லை. காரணம் இருக்கிறது. எங்கள் தொழிலில் ஆளை இரவல் கொடுப்போம், கருவியைக் கொடுக்க மாட்டோம். போன பிட் திரும்பி வந்தாலும் முனை மழுங்கித்தான் வரும். நானே எத்தனையோ பேரை முகத்துக்கு நேராக இல்லை என்று அனுப்பியிருக்கிறேன், அதில் தப்பே இல்லை. அப்படிப்பட்ட நான், முன்பின் தெரியாத ஒருவரிடம், அதுவும் சுத்தியலால் அடிப்பதற்கு, எந்த வாயால் கேட்பது? ஆனால் வரப்பில் நின்ற அக்காவின் முகம் கண்ணுக்குள்ளேயே இருந்தது. கேட்டுவிட்டேன்.

"சிஸ்டர், அந்த பிட் எனக்கு வேணும். சாயங்காலம் திருப்பிக் கொடுத்துடுறேன். ஆனா பொய் சொல்ல மாட்டேன், அதைச் சுத்தியல்ல அடிச்சுத்தான் ஏத்தணும்."

அவர் நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். கையெல்லாம் கிரீஸ், சுடிதாரில் வைக்கோல் தூசி. என்ன வண்டி, என்ன போல்ட் என்று கேட்டார். கைப்பையிலிருந்து அதே மாதிரி ஒரு போல்ட்டை எடுத்துக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். அவர் பிட்டைக் கழற்றிப் பார்த்தார்.

"ஹாஸ்டல் வேன்மா இது. அரிசி எடுக்கப் போறப்ப சீட்டைக் கழட்டணும், பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறப்ப மாட்டணும். வாராவாரம் இதே வேலைதான். மெக்கானிக்குக்குச் சொல்லிட்டு காத்துக் கெடந்து அலுத்துப் போயி, நானே கத்துக்கிட்டேன். மூணு பிட்டு நெளிஞ்சு போயி நாலாவதா தேடிப் புடிச்சது இது" என்றார்.

தேடிப் பிடித்த பிட்டின் அருமை எனக்குத் தெரியாதா? அவர் அதை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"ஒடைஞ்சா ஒடைஞ்சதுன்னு சொல்லிக் கொடு. மழுங்கினதைத் தொடைச்சு, நல்லா இருக்கற மாதிரி மட்டும் கொடுக்காதே."

கேட்டைத் தாண்டி தஞ்சாவூர் ரோட்டில் ஹாஸ்டல் எங்கே இருக்கிறது என்று அடையாளம் சொன்னார். என் பெயரைக் கேட்கவில்லை, போன் நம்பரும் கேட்கவில்லை. கூட்ஸ் நகர்ந்ததா, கேட் திறந்ததா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு வயலுக்குப் பறந்தேன்.

பிட்டைக் கறுப்பு சாக்கெட்டில் மாட்டி, குழிக்கு நேராகப் பிடித்து, சின்னச் சின்ன அடியாக இறக்கினேன். ஓங்கி அடித்தால் பிட் சாயும், சாய்ந்தால் கதை முடிந்தது. உட்கார்ந்த பிறகு சத்தமே மாறிவிடும். அந்தச் சத்தம் வந்தது. நீளக் கைப்பிடியைப் போட்டேன். முதலில் கழற்றும் பக்கம் இழுக்காமல், இறுக்கும் பக்கமாக ஒரு வெட்டு வெட்டினேன். துருப் பிடித்த போல்ட் அப்போதுதான் அசையும். டிரைவர் பெட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டார். இப்போது கழற்றும் பக்கம். கைப்பிடி வளைகிறது, போல்ட் அசையவில்லை. "ஒடையப் போகுதுங்க" என்றார் அவர். "அது ஒடையாது, நீங்க கையை எடுக்காதீங்க" என்றேன். அப்படிச் சொன்னேனே தவிர, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இழுத்தேன். டக்! பிட் போய்விட்டது என்றுதான் ஒரு நொடி நினைத்தேன். போனது போல்ட்டின் பிடிவாதம்.

அக்கா வரப்பிலிருந்தே, "வந்துடுச்சா?" என்று கத்தினார். "வந்துடுச்சுக்கா!" என்று நானும் கத்தினேன். பேரிங்கை மாற்றி, மழுங்கிய போல்ட் இருந்த இடத்தில் என் பையில் இருந்த புதிய போல்ட்டைப் போட்டு மூடினேன். மெஷின் உறுமிக்கொண்டு கிளம்பியபோது டிரைவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அடுத்த முறை ஆலன் கீயை எடுத்தால் கையை உடைப்பேன் என்று சொல்லிச் சிரித்தேன்.

கடைசி மூலை அறுபடும் வரை நான் அங்கேயே இருந்தேன். பழுது பார்த்ததும் போய்விடுவதுதான் என் வழக்கம், அன்று மனசு வரவில்லை. டிராக்டரில் நெல் ஏறி ரோட்டோரம் போய்ச் சேர்ந்தது. ஈரக் காற்று வீச ஆரம்பித்தது. அக்காவும் அவர் வீட்டுக்காரரும் தார்ப்பாயை எடுத்து உதறிக்கொண்டிருக்கும்போது நான் கிளம்பினேன்.

ஹாஸ்டலுக்குப் போனபோது விளக்கு போட்டிருந்தார்கள். சிஸ்டர் வாசலுக்கு வந்தார். பிட்டை எடுத்து நீட்டி, "ஒடையல சிஸ்டர். ஆனா முனையில ரெண்டு பக்கம் லேசா மழுங்கியிருக்கு. புதுசா ஒண்ணு வாங்கித் தந்துடுறேன்" என்றேன். அவர் கட்டைவிரலால் ஒவ்வொரு முனையாகத் தடவிப் பார்த்தார். "சீட்டுக்கு இது போதும். வேண்டாம்" என்றார். நான் வற்புறுத்திப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது, ஊற்றித் தள்ளுகிற மழை. என் போன் அடித்தது, அக்காதான். ஸ்பீக்கரில் போட்டேன். முதலில் படபடவென்று ஒரு சத்தம்தான் கேட்டது.

"என்னம்மா சத்தம் அது?" என்று சிஸ்டர் கேட்டார்.

"மூடி வச்ச நெல்லு மேல மழை விழுது சிஸ்டர். தார்ப்பாய்ச் சத்தம்."

அவர் இன்னும் பக்கத்தில் வந்து, போனில் காதை வைத்தார். "மேலதாம்மா விழுது, உள்ள ஒரு மணி நனையல" என்ற அக்காவின் குரல் அப்போதுதான் வந்தது. சிஸ்டர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

நல்ல எஃகைத் தேர்ந்தெடுக்க எனக்கு நன்றாகவே தெரியும், அந்தக் கர்வம் எனக்கு இன்றும் உண்டு. ஆனால் அந்த நெல் நனையாமல் தப்பியது, தேடிப் பிடித்த தன் கருவியை முன்பின் தெரியாத ஒருத்தியின் கையில் வைத்து மூடிய ஒருவரால்தான் என்பதை இனி எந்த அறுவடையிலும் நான் மறக்க மாட்டேன்.