தயாளன் எண்ணிச் சொன்ன கிக்குகள்

மஸ்கட்டில் ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். காலை ஆறரைக்கு நான் பம்ப் அறைக்குள் நுழையும்போது முகப்பேரில் மணி எட்டு. அந்த நேரத்துக்குத் தயாளன் எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு வந்துவிடும். அன்றும் வந்தது. வழக்கம்போல ஸ்கூட்டர் சத்தத்தை எதிர்பார்த்துக் காதில் வைத்தேன். அவன் மனைவி மல்லிகாவின் குரல். "அண்ணா, அவுரு பூட்டாருண்ணா. வண்டி கிட்ட போறேன்னு எறங்குனாரு. கீழ்ப் படியில ஒக்காந்தவரு எந்திரிக்கவே இல்லண்ணா."

இதைப் படிக்கும் முகப்பேர் அண்டைவீட்டாரே, நம் பிளாக்கில் அவனைத் தெரியாதவர் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டர். தண்ணீர் மோட்டார் நின்றால் நீங்கள் எல்லோரும் முதலில் தட்டுகிற கதவு அவனுடையது. ஐம்பது தாண்டியவனை 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். எனக்குக் கை வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு மஸ்கட்டுக்குக் கிளம்பியபோது, படிக்கட்டுக்கு அடியில் நின்ற என் பழைய ஸ்கூட்டரை விற்றுவிடலாம் என்றேன். பட்டனை அமுக்கினால் கிளம்புகிற வண்டி அல்ல, காலால் கிக்கரை அடித்தால்தான் உண்டு. அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "வித்துட்டா, நீ வரும்போது ஏரிக்கு எதுல போறதாம்? சாவியக் குடு, நான் பாத்துக்கறேன்." செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்கு நாங்கள் இருவரும் அந்த வண்டியில் போகாத ஞாயிறு குறைவு. சும்மா நிற்கும் வண்டி கெட்டுவிடும். அதனால் ஞாயிறுதோறும் அவன் அதை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, சைலன்சர் பக்கத்தில் போனைப் பிடித்து, அந்தச் சத்தத்தை எனக்கு அனுப்புவது என்று ஏற்பாடு. முதல் பதிவில், "ரெண்டே கிக்கு மச்சான்! இன்னா குரலு பாரு!" என்று கத்தினான்.

இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்வது என் பிழைப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

போன வருட மழையில் படிக்கட்டு வரை தண்ணீர் வந்ததே, நினைவிருக்கும். அவரவர் வீட்டுச் சாமானைக் காப்பாற்றிக்கொண்டிருந்தபோது இவன் எதிர்வீட்டுக்காரரை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, என் வண்டியை முதல் மாடி வரை தூக்கி ஏற்றினான். அந்த வாரம், "நாலு... கிக்கு" என்று பதிவு வந்தது. நடுவில் ஓர் இடைவெளி. ஈரம் பட்டிருக்கும், பிளக்கைக் கழற்றிக் காயவை என்று பதில் போட்டேன்.

அதற்குப் பிறகு எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. ஆறு. ஏழு. ஒன்பது. ஒரு கிக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே நேரமும் கூடிக்கொண்டு வந்தது. பிளக்கை மாற்றச் சொன்னேன், மாற்றினான். பழைய பெட்ரோலைக் கொட்டச் சொன்னேன், கொட்டினான். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவச் சொன்னேன். ஒரு மதியம் முழுக்கக் குந்தியபடி கழுவினானாம், மல்லிகா பிறகு சொன்னாள். இத்தனை செய்தும் சரியாகவில்லையே என்று எனக்கு எரிச்சல். 'அடியில் வலுவே இல்லை, நன்றாக ஓங்கி அடி' என்றுகூட ஒருமுறை அனுப்பியிருக்கிறேன். அதை எழுத இப்போது கூசுகிறது.

ஒரு ஞாயிறு அவனே சொன்னான்: "வண்டி நல்லாதான் கீது மச்சான். எனக்குத்தான் மூச்சு வாங்குது." நான் குரல் பதிவிலேயே சிரித்து, "மொதல்ல தொப்பையக் கொறடா" என்றேன். வீட்டிலும் இதே கதைதான். மல்லிகா டாக்டரிடம் கூப்பிட்டால் "வெறும் வாயுடி" என்று சோடா வாங்கிக் குடித்துவிடுவானாம்.

கடைசிப் பதிவில் அவன் எண்ணிக்கையே சொல்லவில்லை. ஒரு கிக். அப்புறம் சத்தமே இல்லை. கீரைக்காரர் ஒருவர் கூவிக்கொண்டே தெருவைக் கடந்து போவது முழுதாகக் கேட்டது. பிறகுதான் அடுத்த கிக். இப்படியே போய், கடைசியில் வண்டி பிடித்துக்கொண்டது. நான் உட்கார்ந்து எண்ணினேன், பதினொன்று. கிக்கர் தேய்ந்திருக்கும், அடுத்த வாரம் சோக்கை முழுதாக இழுத்துவிட்டு அடித்துப் பார் என்று எழுதினேன். "சரி மச்சான்" என்று பதில் வந்தது. அடுத்த ஞாயிறுதான் மல்லிகா பேசினாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் எனக்கு விடுப்புக் கிடைத்தது. பந்தி முடிந்ததும் மல்லிகா சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். "கையிலயே புடிச்சிகினு இருந்தாருண்ணா." கீழே இறங்கிப் போனேன். மூன்று வாரத்துக்கு மேலாக யாரும் தொடாத வண்டி, சீட்டெல்லாம் தூசி. சோக்கை இழுக்கவில்லை. பெட்ரோலைத் திறந்து ஒரு கிக் அடித்தேன். உடனே கிளம்பிவிட்டது. அதற்கு ஒரு குறையும் இல்லை, எப்போதுமே இருந்ததில்லை. சத்தம் கேட்டு மல்லிகா பால்கனிக்கு ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். நிற்பது நான் என்று தெரிந்ததும் அவள் முகம் மாறியதை என்னால் பார்க்க முடியவில்லை. வண்டியை அணைத்துவிட்டேன்.

வண்டியை அவள் தம்பி எடுத்துக்கொண்டான். பதிவுகள் என் போனில் இருக்கின்றன. நேற்றும் கேட்டேன். வண்டிச் சத்தத்துக்கு முன்னால் அவன் மூச்சு அவ்வளவு தெளிவாகக் கேட்கிறது. எனக்குத்தான் மூச்சு வாங்குது என்று அவன் சொன்ன பதிவுக்குக் கீழேயே என் சிரிப்பும் இருக்கிறது. இரண்டையும் நான் அழிக்கப் போவதில்லை.