மண்புழுவுக்கு அனுமதி இல்லை

அந்த சோப்பு ஆலையில் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. எக்ஸ்ரே என்றால்தான் தெரியும். வாசல் காவலர். மாலையில் சங்கு ஊதியதும் ஆட்கள் வெளியே வருவார்கள். இவர் ஒவ்வொரு பையையும் திறக்கச் சொல்லி மூக்கை உள்ளே விடுவார். ஒரு துண்டு சோப்பு வாசனை வந்தால் போதும், ஆள் தொலைந்தான். உள்ளே வருகிறவர்களுக்கு ஒரே கேள்விதான்: "என்ன வேலையா வந்தீங்க?" பதில் பட்டென்று வர வேண்டும். ஒருமுறை, "சும்மா பாத்துட்டுப் போலாம்னு" என்று இழுத்த ஒரு பெரியவரை வெயிலில் நிறுத்தியே வைத்துவிட்டார். அவர் முதலாளியின் மாமனார் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்காக எக்ஸ்ரே வருத்தப்பட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். மாமனார் பையில் சோப்பு போகாதா என்று திருப்பிக் கேட்டார், அவ்வளவுதான்.

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை. பெற்றோர் கட்டிய வீடு, பின்னால் மனைவி வளர்த்த சின்னத் தோட்டம், இவ்வளவுதான் மிச்சம். காவல் காக்க வேறு எதுவும் இல்லாததால் மனுஷன் தோட்டத்துக்குக் காவல் நின்றார். உள்ளே வந்த ஜீவன் எதுவும் விசாரணைக்குத் தப்பவில்லை. தேனீ எதையோ எடுத்துக்கொண்டு போகிறது, ஆனால் அது வந்துபோன பிறகு காய் பிடிக்கிறது, சரி, போகட்டும். சிலந்தி வாசலில் உட்கார்ந்து வருகிறவனைப் பிடிக்கிறது, நம்ம ஆள். தவளையின் முழி சரியில்லை, இருந்தாலும் கொசு பிடிக்கிறது. கம்பளிப்பூச்சி கையும் களவுமாகச் சிக்கியது, வெளியே போ.

மண்புழு விஷயத்தில்தான் அவருக்கு மூக்கு வேர்த்தது. கண் கிடையாது, முகம் கிடையாது. எது தலை, எது வால் என்றே தெரியவில்லை. மண்ணுக்கு அடியில், வேருக்குப் பக்கத்தில், யாரும் பார்க்காத இடத்தில் அதற்கு என்ன வேலை? அது நல்லது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். அவரும் கேள்விப்பட்டிருந்தார். ஆனால் அடுத்தவன் சிபாரிசை எந்தக் காலத்தில் எக்ஸ்ரே மதித்தார்? சிபாரிசோடு வருகிறவனைத்தான் இரண்டு முறை சோதிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆக, தினமும் மாலையில் மண்ணைக் கிளறி, அகப்பட்ட புழுக்களை எல்லாம் மதிலுக்கு அந்தப் பக்கம் காலி மனையில் வீசினார். கொஞ்ச நாளில் மண் இறுகிப்போய், தக்காளிச் செடிகள் வெளுத்தன. பக்கத்து வீட்டுச் சாயப்பட்டறைக்காரர் சாயத் தண்ணீர் ஊற்றுகிறாரோ என்று அவர் மேல் ஒரு கண் வைத்தார்.

இந்த நேரம் பார்த்துத்தான் ஒற்றைப் பையோடு அக்கா வந்து நின்றாள்.

"என்னக்கா, சொல்லாம கொள்ளாம?"

"சும்மாதான்டா. கொஞ்ச நாள் இருக்கலாம்னு."

எக்ஸ்ரே அவள் பையை ஏற இறங்கப் பார்த்தார். மகன் வீட்டில் மகராசியாக இருக்கிறவள் காரணம் இல்லாமல் வருவாளா? அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். அக்கா சுவரைத் தடவிப் பார்த்தாள். எந்த அறையில் அப்பா படுப்பார் என்று தனக்குத்தானே பேசினாள். விடிந்ததும் விடியாததுமாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு பின்பக்கம் போய், கை நிறைய மண்ணோடு திரும்பினாள். கேட்டால், "ஒண்ணும் இல்லடா" என்றாள். ஒன்றும் இல்லாததற்கு டப்பா எதற்கு? வீட்டில் பங்கு கேட்கத்தான் வந்திருக்கிறாள், நிலத்தை அளக்கிறாளோ என்னவோ என்று முடிவு கட்டிவிட்டார். மகனுக்குப் போன் போட்டு, உங்கம்மாவை வந்து கூட்டிக்கொண்டு போ என்றார். ஞாயிற்றுக்கிழமை வருவதாக அவன் சொன்னான். அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள், "சரிடா" என்று மட்டும் சொன்னாள். ஏன் சண்டை போடவில்லை என்று அதற்கும் சந்தேகப்பட்டார்.

ஞாயிறு காலை தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கி நின்றார். அக்கா காலி மனையிலிருந்து பின்கதவு வழியாக வந்தாள். சட்டென்று எதிரே போய் நின்றார்.

"தொற டப்பாவ."

திறந்தாள். ஈர மண்ணுக்குள் மண்புழுக்கள் நெளிந்தன.

"இதையா தெனமும் தூக்கிட்டு வந்தே?"

"நீ சாயங்காலம் வீசுறே, நான் காலைல பொறுக்கிட்டு வர்றேன். செடியெல்லாம் சாகுதேடா."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"கேட்டா இதுக்கு இங்க என்ன வேலைன்னு விசாரிப்பே. அது என்னத்தச் சொல்லும்? அதுக்கே தெரியாது. அது பாட்டுக்கு மண்ணத் தின்னுட்டு ஊருது, அதுல மண்ணு உசுரோட இருக்கு."

"அது கெடக்கட்டும். நீ எதுக்கு வந்தே? இப்பவாச்சும் உண்மையச் சொல்லு. வீட்டுல பங்கு வேணுமா?"

அக்கா துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். கையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

"எம் மகன் வீட்டுல சமைச்சேன், பேத்திய வளத்தேன். இப்ப அவ பெரியவளாயிட்டா, சமைக்கவும் ஆள் வச்சுட்டாங்க. ஒருநாள் மருமக கேட்டா, 'அத்தை, இனிமே இங்க உங்களுக்கு என்ன வேலை'ன்னு. கோவமாக்கூடக் கேக்கல. எனக்குப் பதில் வரல. பொறந்த வீட்டு வாசல்ல யாரும் அப்படிக் கேக்க மாட்டாங்கன்னு வந்தேன்டா. நீ நிக்கிறத மறந்துட்டேன்."

டப்பாவைச் செடியடியில் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எக்ஸ்ரே அங்கேயே நின்றார். ஒரு புழு சிமென்டுத் தரையில் விழுந்து கிடந்தது. யாரையும் கேட்காமல், கண்ணும் இல்லாமல், ஈரம் எந்தப் பக்கம் என்று தேடித் தேடி மண்ணுக்குள் போயிற்று. இதே கேள்வியை இப்போது யாராவது தன்னிடம் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தார். ஆலையும் இல்லை, மனைவியும் இல்லை. என்ன வேலையாய் இன்னும் இங்கே இருக்கிறீர்? புழுவையும் தவளையையும் தன்னையும் உள்ளே விட்டவன் ஒருவன் இருக்கிறான், அவன் ஒருவரையும் வாசலில் மறித்து இதைக் கேட்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பிடுங்கித் தின்கிற மாதிரி அவமானமாக இருந்தது. அக்கா போய்விடுவாளே என்று பயமாகவும் இருந்தது.

அவசரமாகப் போனை எடுத்தார். "நீ வர வேணாம்ப்பா. அக்கா இங்கயே இருக்கட்டும்."

மறுமுனையில் அக்கா மகன் தயங்கினான். "நான் கெளம்பவே இல்ல மாமா. வர முடியாதுன்னு நேத்தே அம்மாகிட்ட சொல்லிட்டேனே. அவங்க ரூம பொண்ணு படிக்கக் குடுத்துட்டோம். அம்மா உங்ககிட்ட சொல்லலையா?"

முன்னறைக்கு ஓடினார். அக்கா தலை வாரி, செருப்பு மாட்டி, மடியில் பையோடு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"அவன் வரலன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பின்ன எங்க போக உக்காந்திருக்கே?"

அக்கா தெருவைப் பார்த்தபடியே சொன்னாள். "தெரியலடா. நீ போகச் சொன்னியே, அதான் கெளம்பிட்டேன்."

எக்ஸ்ரே அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தார். பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டு, அவளை எழவிடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.