டாப்ஸ் என்றொரு சொல்

வெயிலில் நின்றபடி முதலியார், "எனக்கு அந்தச் சொல் தெரியாது" என்று சொன்ன கணம் இன்னும் என் கண்முன் நிற்கிறது. அவர் மன்னாரின் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் தலைமை மொழிபெயர்ப்பாளர். நான் அவருக்குக் கீழே எழுத்தராக இருந்தேன். துரைமார் பேசுவதைத் தமிழிலும் சனங்கள் பேசுவதை ஆங்கிலத்திலும் அவர் சொல்லும்போது எங்கேயும் தடுக்கியதை நான் கண்டதில்லை. அதில் அவருக்குப் பெருமையும் இருந்தது. தெரியாதது ஒன்று உண்டென்று காட்டிக்கொண்டால் பிறகு ஒருவரும் தன்னை நம்பமாட்டார்கள் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

உயிலங்குளத்துப் பக்கம் குளங்களைத் திருத்த வந்திருந்த எஞ்சினியர் துரையின் தம்பி, சீமையிலிருந்து விடுமுறைக்கு வந்தவன், காணாமற் போய்விட்டான். பறவை பார்க்கவென்று பின்னேரம் குளக்கட்டுப் பக்கம் போனவன் இரவும் திரும்பவில்லை. கடுங்கோடை. குளம் அடிவரை வற்றிக் கிடந்தது. அதற்கப்பால் காடு, கரடி உண்டு, தண்ணீர் இல்லை. காலையில் செய்தி வந்ததும் முதலியாரையும் என்னையும் அங்கே அனுப்பினார்கள்.

நாங்கள் வண்டிலில் போய் இறங்கியபோது பொலிஸ்காரரும் ஊரவரும் விடியலிலிருந்து தேடிக் களைத்திருந்தார்கள். வெள்ளைக்காரர் என்றால் குதி வைத்த தோல் சப்பாத்துத்தான் என்று எண்ணி அந்தத் தடத்தையே தேடியிருக்கிறார்கள். ஒரு தடம் அகப்பட்டு, அதன் பின்னால் வெகுதூரம் வடக்கே போன பிறகுதான், அது முந்தைய நாள் வேலை பார்க்கப் போன எஞ்சினியர் துரையுடையதே என்று தெரிந்ததாம். துரை முகம் வெளிறி, சவரம் செய்யாமல், ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

அப்போது வயல்காரர் ஒருவரின் மனைவி இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு முன்னால் வந்து, அந்தத் தம்பி காலில் என்ன போட்டிருந்தார் என்று முதலியாரிடம் கேட்டாள். முதலியார் அதைத் துரையிடம் ஆங்கிலத்தில் கேட்டார். "டாப்ஸ்" என்றார் துரை.

முதலியார் அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பொலிஸ்காரர் அவருடைய காதோரம் குனிந்து, "ஏதோ சப்பாத்துத்தான் ஐயா. சப்பாத்தெண்டு சொல்லிவிடுங்கோ" என்றார். சொல்லியிருக்கலாம். அங்கே ஒருவருக்கும் வித்தியாசம் தெரிந்திராது. முதலியார் எல்லாருக்கும் கேட்கும்படி துரையிடம் ஆங்கிலத்திலும், பிறகு அந்தப் பெண்ணிடம் தமிழிலும், தனக்கு அந்தச் சொல் தெரியாது என்றார். ஊரவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குத் தலை குனிந்தது.

துரைக்கு அது விளங்கவில்லை. தன் ஊர்ப்பக்கம் எல்லாரும் சொல்லுகிற சொல் அதுதான் என்றார். மனைவி பெல்பாஸ்ட்காரி, அவள் அதைக் "கட்டீஸ்" என்பாள் என்றார். வடக்கு இங்கிலாந்துக்காரர் "பம்ப்ஸ்" என்பார்கள் என்று குரலை உயர்த்தினார். பம்ப் என்றால் முதலியாருக்குத் தெரிந்தது தண்ணீர் இறைக்கும் யந்திரம். ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் தலையசைத்து இல்லை என்றார். கடைசியில் மிகவும் தணிந்த குரலில், பெயர் வேண்டாம், அது எப்படி இருக்கும் என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டார். துரை குந்தியிருந்து மண்ணில் விரலால் கீறிக் காட்டினார். விளையாடும்போது போடுவது. மேலே துணி, கீழே தட்டையான ரப்பர்.

முதலியார் அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "துணிச் சப்பாத்து, பிள்ளை. அடி ரப்பர். குதியும் இல்லை, ஆணியும் இல்லை."

"அப்ப நான் கண்டது அவரின்ரை காலடிதான்" என்றாள் அவள். "தண்ணி திறக்கிற துருசுக்குத் தெற்காலை, காய்ஞ்ச வாய்க்காலுக்குள்ளை கிடந்தது. பாய் இழை மாதிரிக் கோடு கோடாய். காலமை சொன்னனான் ஐயா, அது சப்பாத்தில்லை எண்டிட்டினம்."

அவள் முன்னே நடக்க நாங்கள் பின்னால் ஓடினோம். தடம் சில இடங்களில் தெளிவாகவும் சில இடங்களில் மாடு மிதித்து அழிந்தும் கிடந்தது. வாய்க்கால் முடிந்து பற்றைக்காடு தொடங்கும் இடத்தில், ஒரு வீரை மரத்தடியில் அவனைக் கண்டோம். கணுக்கால் வீங்கி, உதடு வெடித்து, கண் செருகிக் கிடந்தான். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. துரை முழந்தாளிட்டு அவனுடைய முகத்தைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் குடத்தைச் சரித்து, கையில் ஏந்திய தண்ணீரை அவன் உதட்டில் விட்டு, "மெல்லமாக் குடி ராசா" என்றாள். அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தபடி மெல்லமாகவே குடித்தான். முதலியார் மொழிபெயர்க்கவில்லை. தன் சால்வையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

இன்று ஆங்கிலம் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். கூட்டத்துக்கு நடுவில் தெரியாது என்று சொல்ல இன்றைக்கும் என் நாக்கு எழும்புவதில்லை.

அன்று பொழுது சாயத் திரும்பினோம். அன்னியர் முன்னால் கதிரையில்கூடச் சாய்ந்திராத மனிதர் முதலியார். வண்டில் பெருந்தெருவில் ஏறியதும் என் தோளில் தலையைப் போட்டு, வாய் சற்றே திறந்தபடி, குழந்தைபோல் உறங்கிவிட்டார். வண்டில்காரரிடம் மாட்டை விரட்டவேண்டாம் என்று சைகை காட்டினேன். அவரும் கயிற்றைத் தளரவிட்டார்.