காலையில் மட்டும் ஆடும் கார்

எங்கள் பழைய பெட்ரோல் காருக்குக் காலையில் மட்டும்தான் வியாதி. ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் வேகம் ஜிவ்வென்று ஏறும், அணையப்போவது போல் விழும், மறுபடி ஏறும். பத்து நிமிடம் இப்படி ஆடிவிட்டு, சூடானதும் சாதுவாகிவிடும். மெக்கானிக்கிடம் போய்ச் சேர்வதற்குள்தான் சூடாகிவிடுமே! "நல்லாத்தானே இருக்குது, சும்மா சும்மா எடுத்துனு வராதீங்க" என்று அவர் மூன்று தடவை திருப்பி அனுப்பிவிட்டார்.

என் வீட்டுக்காரருக்கு அதை விற்றுவிட்டுப் புது பைக் வாங்க ஆசை. எனக்கோ அந்த மாதம்தான் லைசென்ஸ் வந்திருந்தது. காலை ஆறு மணி ஷிப்டுக்காகப் பதினோரு வருஷம் சர்வீஸ் ரோட்டில் லாரிப் புழுதியைத் தின்றுகொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு நின்றவள் நான். அந்தக் கார் எனக்கு வேண்டும். சொன்னால் காதில் வாங்கினால்தானே? ராயக்கோட்டைத் தக்காளி வியாபாரி ஒருவரை ஞாயிறு காலை வண்டி பார்க்க வரச்சொல்லிவிட்டார்.

அதற்குள் வண்டியைச் சரிசெய்ய, சனிக்கிழமை காலை தெருவிலிருந்து மூன்று பேரைக் கூட்டிவந்தார். வண்டிப் பாகம் செய்யும் கம்பெனிகள் நிறைந்த ஓசூரில் யாரைக் கேட்டாலும் காரைப் பற்றித் தெரியும், தன் கையில் வருகிற பாகம் வரைக்கும். வயரிங் கம்பெனிக்காரர் குனிந்து பார்த்து, "வயரிங்ல ஒண்ணும் இல்லண்ணா" என்றார். பிரேக் கம்பெனிக்காரர், "பிரேக் பக்காவா இருக்குது" என்றார். பெயிண்ட் ஷாப்காரர் பானெட்டைத் தடவி, "கம்பெனி பெயிண்ட்ணா, கையே வெக்கல" என்றார். பிறகு அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, தொழிற்சாலையில் செய்வது போல 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்டு மார்க்கரில் பதில் எழுதினார்கள். ஐந்தாவது ஏனுக்குப் பதில்: வீட்டம்மா ஓட்டிப் பழகியது.

அடப்பாவிகளா! எனக்கு உச்சி மண்டை வரை சுர்ரென்றது. "நிக்கிறப்பதானே ஆடுது? நான் எங்க ஓட்டுனேன்?"

"அண்ணி, இது டெக்னிக்கல்" என்றார் பெயிண்ட்காரர். இவ்வளவும் வண்டியை ஸ்டார்ட் செய்யாமலே. "நீ ஸ்டார்ட் பண்ணி வை, டீ குடிச்சிட்டு வந்துடறோம்" என்று என் வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டு அவர்களோடு போனார்.

ஸ்டார்ட் செய்தேன். வழக்கமான ஆட்டம். திறந்திருந்த பானெட்டுக்குள்ளிருந்து 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது. கம்பெனியில் என் வேலையே கசிவு பிடிப்பதுதான். வால்வு மேல் சோப்பு நுரை தடவி, குமிழி வந்தால் லீக் என்று ரிஜெக்ட் போடுவேன். பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து வந்து தடவினேன். விரல் தடிமனுள்ள ஒரு ரப்பர் குழாயில் குமிழி வரவில்லை, நுரையை உள்ளே இழுத்துக்கொண்டது. வெடிப்பு! விரலால் அடைத்தேன். எஞ்சின் கப்சிப்பென்று அடங்கி ஒரே சீராக ஓடியது. காற்று அந்த வழியாகத்தான் திருட்டுத்தனமாக உள்ளே போயிருக்கிறது. சூடானால் ரப்பர் உப்பி வெடிப்பை மூடிவிடும்போல.

"ஏங்க!" என்று கத்த வாயைத் திறந்தேன். கேட்டுக்கு வெளியே அவர் போனில் வியாபாரியிடம் பேசிக்கொண்டு வந்தார். "சரியாச்சுன்னா நாளைக்கே எடுத்துக்கங்க. ஆகலன்னா யாரு வாங்குவா? எங்க வீட்டம்மாதான் ஓட்டிட்டுத் திரியணும்."

திறந்த வாயை மூடினேன். நுரையைத் துப்பட்டாவால் துடைத்தேன். லீக்கைக் கண்ணால் பார்த்தும் ரிஜெக்ட் போடாமல் விட்டது என் சர்வீஸில் அதுதான் முதல் தடவை. கை பரபரவென்று அரித்தது. அதற்குள் எஞ்சின் சூடாகிச் சாதுவாகிவிட்டதால், டீ குடித்து வந்த மூவருக்கும் பார்க்க ஒன்றுமில்லை.

மறுநாள் வியாபாரி வந்ததும் பானெட்டைத் தொட்டு, ஜில்லென்று இருப்பதை உறுதிசெய்துகொண்டு ஸ்டார்ட் செய்தார். இரண்டு நிமிடம் பொறுத்திருப்பார். "ஒத்துண்ணா, வேணாம். சாமி வந்த மாதிரி ஆடுது" என்று தெலுங்கும் தமிழுமாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் நின்ற நிலையைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் குழாயின் நீளத்தைக் கண்ணால் அளந்துகொண்டேன்.

திங்கள் சாயங்காலம் ஒரு முழத்துக்கும் குறைவான குழாய் வாங்கி வந்து நானே மாட்டினேன். செவ்வாய் காலை ஷிப்டுக்குக் கிளம்பி ஸ்டார்ட் செய்ததும், பல் துலக்கிக்கொண்டிருந்தவர் வாயில் நுரையோடு ஓடிவந்தார்.

"அட, தானா சரியாயிடுச்சே! ரெண்டு நாள் முன்னாடி ஆயிருந்தா வித்திருக்கலாம்!"

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு முதல் கியரைப் போட்டேன்.