தென்கடல் பட்டியலில் ஏறிய பதினான்கு வள்ளங்கள்

அது பொய். அன்ரோனெற் குழாயடியில் நின்று சொன்னாலும் பொய், கோயில் வாசலில் நின்று சொன்னாலும் பொய். அவளுடைய மகன் டிலோஜன் வேண்டாமென்று சொன்ன கோபத்தில்தான் என் பேத்தி சுவேதினி பதினான்கு வள்ளங்களின் பெயரையும் கொம்பியூட்டரில் கரை மாற்றிப் போட்டாளாம். அந்தச் சம்பந்தத்தை வேண்டாமென்றது யார்? சுவேதினிதான். வேண்டாமென்றவளுக்கு எதற்குக் கோபம்? கேட்டால் அன்ரோனெற் வானத்தைப் பார்க்கிறாள்.

நடந்ததை நான் சொல்கிறேன். எங்கள் தீவுக்கு வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். வாடைக்காற்றுப் பிடித்தால் வடகடல் கொந்தளிக்கும். படகுகளைத் தென்கடலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். சோளகம் என்கிற தென்மேல் காற்று வீசத் தொடங்கத் திரும்பி வருவார்கள். நண்டுவலை போடுகிற பதினான்கு சின்ன வள்ளங்கள் மட்டும் எந்தக் காற்றுக்கும் அசையாமல் வடகரையிலேயே கிடக்கும். அன்ரோனெற் வீட்டு வள்ளமும் அதில் ஒன்று. எந்தப் படகு எந்தக் கரையில் நிற்கிறது என்கிற கணக்கை மீனவர் சங்கத்துக் கொம்பியூட்டரில் வைத்திருந்தவள் சுவேதினி. அவள் அச்சடித்துக் கொடுக்கிற பட்டியல் இரண்டு கரைக் காவலுக்கும் போகும். அந்தந்தக் கரைப் பட்டியலில் பெயர் இல்லாத வள்ளம் அங்கே தண்ணீரில் இறங்க முடியாது.

ஐப்பசியில் வழக்கம்போல ஒரு பொத்தானை அமத்தினாள். எல்லாப் படகும் தென்கடலுக்கு மாறியது. பதினான்கையும் மட்டும் கையால் வடகடல் என்று திருத்தி எழுதினாள். இரண்டு நாள் நல்லபடி போனது. மூன்றாம் நாள் பதினான்கு பேரையும் வடகரைக் காவலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் பெயர் தென்கடல் பட்டியலில் இருந்தது.

திருத்தினாள். திருத்தினது நிற்கிறதா என்று திறந்து பார்த்தாள். பதினான்கும் மறுபடி தென்கடலில். இன்னொரு தடவை திருத்தினாள், இன்னொரு தடவை பார்த்தாள், அதே கதை. யாரோ களவாக உள்ளே புகுந்து மாற்றுகிறார்கள் என்று நினைத்துக் கடவுச்சொல்லை மாற்றினாள். சங்கக் கந்தோரைப் பூட்டித் திறப்பை இடுப்பில் முடிந்துகொண்டு திரிந்தாள். மேசையை விட்டு எழும்பாமல் பகல் முழுக்கக் காவல் இருந்தாள். கண்ணுக்கு முன்னாலேயே பெயர்கள் போய்க்கொண்டிருந்தன.

நண்டுவலைக்காரரின் பெண்சாதிமார் காலையிலேயே சங்கத்துப் படியில் வந்து குந்திவிடுவார்கள். அவள் உள்ளே போகவும் அவர்களைத் தாண்ட வேண்டும், வெளியே வரவும் தாண்ட வேண்டும்.

"பெரிய படிப்புப் படிச்சவ வாறா, எழும்பி வழி விடுங்கோடி" என்பாள் அன்ரோனெற். "இண்டைக்கு எங்கட வள்ளத்தை எந்தக் கடலுக்குக் கலைக்கப் போறியோ, மகராசி?"

வேலையை விட்டுவிடுகிறேன் என்று சங்கத் தலைவர் சிங்கராசாவிடம் சொன்னாள். அவர் சிரித்தாராம். "இப்ப விட்டிட்டுப் போனா, செய்தது நீதான் எண்டு ஊர் முத்திரை குத்தும் பிள்ளை. நிண்டு சரிப்படுத்து." நிற்கவும் முடியாது, போகவும் முடியாது. வீட்டில் கதிரையில் இருந்து சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். பேசினால், "அம்மம்மா, எனக்கு என்ர கையிலயே நம்பிக்கை இல்லை" என்பாள். பிடிகூட்டுக்குள் மாட்டின கணவாய் மீன் மாதிரி என் பிள்ளை.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் நான்தான் கேட்டேன். "அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறதை இஞ்ச கொண்டுவர ஏலாதோ?" ஏலுமாம். ஒரு பிரதி எடுத்து, இரவல் மடிக்கணினியில் போட்டுக் குசினி மேசையில் வைத்தாள். எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் பதினான்கு வள்ளமும் யாருடையது, என்ன நிறம் என்று தெரியும். அவள் பதினான்கையும் வடகடல் என்று திருத்தினாள், நான் பதினான்கு புளியங்கொட்டையை வரிசையாக வைத்தேன்.

"உதுக்குள்ள கிடக்கிறதெல்லாத்தையும் ஒவ்வொண்டாத் திற," என்றேன். "ஒண்டைத் திறந்ததும் பேர்களை வாசி. எது போகுதோ அதின்ர கொட்டையை எடுக்கிறன்."

ஒன்றைத் திறந்தாள், பெயர்கள் எழுதியிருக்கிற மூலப் பதிவுக்குப் போய் வாசித்தாள். பதினான்கும் வடகடல். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஒரு கொட்டையும் அசையவில்லை. அடுத்து 'தென்கடல்' என்ற பெயரைத் தட்டினாள். திரையில் ஒன்றும் வரவில்லை.

"இது எப்பவும் இப்பிடித்தான் அம்மம்மா. பழசு, சோம்பல். முதல் தட்டுக்குத் திறக்காது. கீழ 'தென்கடல் பட்டியல்' எண்டு இன்னொண்டு கிடக்கு, அதைத் தட்டினாத்தான் வரும்."

"அது பிறகு. இப்ப பேரை வாசி."

வாசிக்கப் போனவள் விரலைத் திரையில் வைத்து மேலிருந்து கீழே இழுத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எல்லாக் கொட்டையையும் எடுங்கோ."

தட்டியும் திறக்காத அந்தத் 'தென்கடல்', பார்க்கிற பட்டியல் என்று அவள் நினைத்திருந்தது, பட்டியலே இல்லை. அவளுக்கு முன் அங்கே வேலை செய்த இன்ஸாப் செய்து வைத்த கட்டளை அது. குவெரி என்கிறார்கள். வடகடல் என்று கண்டதையெல்லாம் தென்கடல் என்று மாற்று என்பது அதற்குச் சொல்லிக் கொடுத்த வேலை. ஐப்பசியில் அமத்துகிற பொத்தானும் இதைத்தான் ஓடவிடுகிறதாம். பக்கத்தில் பென்சில் மாதிரி ஒரு படமும், ஒரு கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளியுமாய் எச்சரிக்கைக் குறி இருந்தது, வாசிக்கத் தெரியாத எனக்கே தெரிந்தது. மாற்றவா, வேண்டாமா என்று அது முந்தி ஒரு கேள்வி கேட்குமாம், இப்போது கேட்காமலே மாற்றுகிறது. இன்ஸாப்பைப் போனில் பிடித்துக் கேட்டாள். "தலைவர்தான் தங்கச்சி, இந்தக் கேள்வி தலையிடி, நிப்பாட்டு எண்டவர். நிப்பாட்டினனான்" என்றான் அவன்.

ஆக, திருத்தினது நிற்கிறதா என்று என் பிள்ளை பார்த்த பார்வைதான் அதை அழித்தது. அவள் அதற்கு அழவில்லை. புளியங்கொட்டைகளைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள்.

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். சிங்கராசா முழுவதையும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"வைரஸ் எண்டு சொல்லுவம் பிள்ளை. என்ர பேரும் வேண்டாம், உன்ர பேரும் வேண்டாம். நீ உன்ர கதிரையிலயே இரு, வேலை போகாது."

"வைரஸ் எண்டா நாளைக்கும் வரும் எண்டு வள்ளக்காரர் பயந்துகொண்டு இருப்பினம் ஐயா."

"இருக்கட்டுமே. உனக்கென்ன?"

அவள் கொம்பியூட்டருக்கு முன்னால் போய் இருந்தாள். பதினான்கு பெயரையும் திருத்தினாள். அந்தக் கேள்வியைத் திரும்பப் போட்டாள். கட்டளையின் பெயரை 'தொடாதே, இது மாற்றும்' என்று மாற்றினாள். பட்டியலை அச்சடித்து வடகரைக்கு அனுப்பினாள். பிறகு கதவைத் திறந்து படியில் இருந்தவர்களுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். கேள்வியை நிறுத்தச் சொன்னது தலைவர், நிறுத்தியது இன்ஸாப், தெரியாமல் தட்டிக்கொண்டிருந்தது தன் கை என்று, ஒன்றையும் மறைக்காமல்.

"கேட்டியளே!" என்று அன்ரோனெற் கையைத் தட்டினாள். "தன்ர கை எண்டு தானே ஒத்துக்கொள்ளுறாள்!"

மற்றப் பாதி அவள் காதில் விழவில்லை. இன்றைக்கும் விழவில்லை. உள்ளே சிங்கராசா கத்தினார்: "சங்கம் கூடி உன்ர விசயத்தை யோசிக்கும்!"

"யோசிக்க வேண்டாம் ஐயா. நிண்டு சரிப்படுத்திப்போட்டன், இனிப் போகலாம்."

திறப்பை அவிழ்த்து மேசையில் வைத்தாள். பெண்களில் ஒருத்தி காலை மடக்கி வழி விட்டாள், "எங்க பிள்ளை போறாய்?" என்று கேட்டவளும் அவள்தான்.

"எங்கயெண்டு தெரியாது மாமி. இஞ்ச இல்லை."

செருப்பைக் கொழுவிக்கொண்டு சுவேதினி வாசலால் வெளியே நடந்தாள்.