ராஜபாய் மதில் இறக்குகிறாள்

மேல் வரிசைச் செங்கல் ஒன்றை அசைத்து எடுத்துக் கீழே நிற்கும் கணவரிடம் நீட்டுகிறாள் ராஜபாய். "பதனமா வையும். போன வருசம் ஒம்பது கல்லுக்கு மூக்கை ஒடைச்சீரு."

ஜெயசிங் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு கல்லையும் இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பலாமரத்தடியில் அடுக்குவார். வானத்தில் கைக்குட்டை அளவு மேகம்கூட இராது. ஆனாலும் ஐப்பசி இரண்டாம் தேதி இந்த வேலை நடந்தே தீரும். தெருவே வேடிக்கை பார்க்க வந்துவிடும். வந்தவர்களுக்கெல்லாம் அவித்த மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாய் அரைத்ததும் உண்டு. நாலு கல் சுமக்காதவருக்கு மிளகாய் மட்டும்.

நாற்பது வயது தாண்டிய ஒல்லியான பெண்மணி. மூக்குக்கண்ணாடியின் ஒரு காது ஒடிந்துபோக, லேஸ் நூலால் கட்டியிருக்கிறாள். மிஷன் லேஸ் கூடத்தில் இருபது வருஷமாகப் பின்னுகிறாள். கொசுவின் இறகு மாதிரி மேஜைவிரிப்புகள் அந்தக் கைகளிலிருந்து கப்பலேறிப் போகின்றன. அதே கைகளில் கம்பிப்பாரையைப் பார்ப்பது ஒரு தனி அனுபவம்.

அவள் குடியிருக்கும் தெரு யுத்தகாலம் வரை குளமாக இருந்தது. டவுனில் வீடு கிடைக்காமல் ஜனங்கள் அலைந்தபோது செம்மண் கொட்டி நிரத்தி, மனை மனையாக விற்றார்கள். இப்போது முப்பத்தெட்டு வீடுகள். வீட்டுக்குக் கூரை போடுவதற்கு முன்பே எல்லோரும் மதில் எழுப்பிவிட்டார்கள். மேலே உள்ள பெரிய குளம் நிறைந்தால் மறுகால் வெள்ளம் இந்த வழியாகத்தான் வயலுக்கு இறங்கிப் பழையாற்றில் சேரும். குளத்தை விற்ற சங்கதியை வெள்ளத்திடம் யாரும் சொல்லவில்லை.

ராஜபாய் முதலில் கட்டியது சுண்ணாம்புச் சாந்து பூசிய மதில். உச்சி வரிசையில் செங்கற்களை விட்டுவிட்டு வைத்து, லேஸ் கரை போலவே அமைக்கக் கொத்தனாரைப் படாத பாடு படுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வரும்போது அதைப் பார்ப்பதற்கென்றே கொல்லைப் பாதையில் சுற்றி வருவாள்.

ஐம்பத்திரண்டு கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மறுகால் வெள்ளம் வந்து அந்த மதிலில் முட்டி நின்றது; நின்றது மட்டுமல்ல, மேட்டு வீட்டுக்குள் ஏறத் தொடங்கியது. அங்கே இருப்பவர் பள்ளிக்கூட கிளார்க் கணபதியப்பன். அவர் மனைவி பிள்ளை பெற்று மூன்றாம் நாள். கட்டிலை இரண்டு பெஞ்சுமேல் ஏற்றி, தாயையும் குழந்தையையும் அதில் இருத்திவிட்டு, மதிலுக்கு மேலே தலையை நீட்டிக் கத்தினார்.

"அக்கா! வெள்ளம் கட்டிலைத் தொட்டாச்சு. ஒங்க மதிலுதான் தடுக்குது!"

ஜெயசிங், "ஒரு மனு எழுதிப் போட்டா..." என்று ஆரம்பித்தார்.

ராஜபாய் மதிலில் ஒரு தடவை உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு பாரையை எடுத்தாள். முதல் மூன்று குத்துக்கு மதில் அசையவில்லை. நான்காவது குத்தில் ஒரு கல் போயிற்று. ஐந்தாவது குத்துக்கு மதில் காத்திருக்கவில்லை. பொத்தென்று விழுந்த வெள்ளம் அவளையும் உட்கார்ந்த நிலையிலேயே வாரிக்கொண்டு கொல்லை வாசலில் நுழைந்து, அடுக்களை வழியாக, முன்வாசல் நடையில் கொண்டுபோய் வைத்தது. கூடவே மீன்சட்டி, கோழிக்கூடு, ஜெயசிங்கின் காக்கித் தொப்பி.

"அங்கின இருந்து சிரிச்சேன் பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு! மதிலும் போச்சு, மீனும் போச்சு. ஆனா மேல அந்தப் பிள்ளை அழுகது நல்லாக் கேட்டுது. எனக்குச் சிரிப்பை அடக்க ஒக்கல்லே" என்பாள்.

அதன் பிறகு சாந்து வேண்டாம் என்றாள். வெறும் களிமண் வைத்து அடுக்கிய மதில். ஐப்பசியில் இறக்கி, தையில் ஏற்றலாம். அடுத்த வருஷம் கணபதியப்பனும் இறக்கினார். அதற்கடுத்த வருஷம் கீழே பதினோரு வீடுகள்; பிறகு மற்றவர்களும்.

நடுவில் ஓவர்சியர் ஒருவர் சங்கிலியோடு வந்து முழங்கால் அளவு வெள்ளத்தில் நின்று தெருவை அளந்தார். அவர் களைத்திருப்பதைக் கண்ட ராஜபாய், "சாரே, குடிக்க வெள்ளம் எடுக்கட்டா?" என்று உபசரித்தாள். இந்தப் பக்கத்தில் குடிதண்ணீருக்கும் வெள்ளம் என்றுதான் பெயர். வடக்கேயிருந்து வந்த மனிதர் தம் காலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஓடை வெட்டுவதற்கு பிளான் மேலே போயிருக்கிறது என்றார். "பிளான் மேல போவுது, வெள்ளம் கீழ வருது. ரெண்டும் எங்க வச்சு சந்திக்கும் சாரே?" என்று கேட்டாள். அவர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டார்.

எல்லோரும் இறங்கி வந்தாலும் தெருக்கோடியில் ஆறுமுகப்பெருமாளின் வீடும் கூரை ஓட்டு டிப்போவும் இருந்தன. கருங்கல் மதில். அதற்கு அப்புறம் முற்றம்; அது சரிந்து இறங்குவது வயலில்தான். வெள்ளம் அத்தனை வீட்டையும் கடந்து வந்து அங்கே முட்டித் திரும்பும். ராஜபாய் வருஷம் தவறாமல் போய்க் கேட்பாள்.

"அண்ணாச்சி, அடியில ரெண்டே ரெண்டு கல்லு."

"கள்ளன் வந்தா நீ வந்து காவல் நிப்பியா?"

"நிப்பேன்."

இந்தப் பதிலை எதிர்பாராத ஆறுமுகப்பெருமாள் ஒவ்வொரு வருஷமும் உள்ளே போய்விடுவார்.

இந்த வருஷ மழை வந்தபோது அவர் திருவட்டாறு கோயிலுக்குப் போயிருந்தார். ரோடு முங்கி, பஸ் நின்றுபோனது. வெள்ளம் டிப்போ மதிலில் ஏறி, தெரு ஜனங்களுக்கு இடுப்பளவு வந்தது. மேட்டில் கணபதியப்பன் வீட்டுப் படி மறுபடியும் நனைந்தது.

"ஒடைச்சிருவோம் அக்கா. ஆளும் இல்லை" என்றார் அவர்.

"சும்மா கெடயும். எனக்க மதிலை நான் ஒடைச்சேன். அடுத்தவன் மதிலுல பாரை வைக்க நான் கள்ளியா?" என்று சீறினாள். பிறகு மதிலைப் பார்த்து, தொண்டை கிழியக் கூப்பிட்டாள். "உலகம்மைக்கா! ஓ, உலகம்மைக்கா!"

உலகம்மை ஆறுமுகப்பெருமாளின் மனைவி. மூன்று தடவை கூப்பிட்டாயிற்று. இடுப்பிலிருந்த வெள்ளம் வயிற்றுக்கு வந்தது. அப்போது மதிலின் உட்புறத்தில் ணங், ணங் என்று இரும்பு கல்லில் படும் சத்தம் கேட்டது.

"ஏட்டி ராஜபாய்! எந்தக் கல்லுட்டி?"

"அடியில ரெண்டாவது வரி, கிழக்க ஓரம்! அது அசையும்!" வருஷா வருஷம் தட்டிப் பார்த்து வைத்திருக்கிறாள்.

"எடுத்தா நான் விழுவனா?"

"விழுவிய! சும்மா விழுங்க!"

தெரு முழுக்கச் சிரிப்பு வெடித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கல் பெயர்ந்தது. அதன் தலைமேல் இருந்த நான்கு கல்லும் சரிந்தன. வெள்ளம் பெருங்குரலோடு உள்ளே பாய, உள்ளே உலகம்மை "அய்யோ!" என்று அலறியதும் மேலேயிருந்து, அன்று கட்டிலில் கிடந்த கணபதியப்பன் மகள் கைதட்டியதும் ஒன்றாய்க் கேட்டன. ஜெயசிங் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். வயிற்றிலிருந்த வெள்ளம் தொடைக்கு, தொடையிலிருந்து முழங்காலுக்கு.

ராஜபாய் பதறிப்போய் மதிலின் பிளவில் முகத்தை வைத்தாள்.

"அக்கா, இருக்கியளா?"

பிளவுக்குள் வளையல் சத்தம் கேட்டது. சேறு வடியும் கை ஒன்று வெளியே வந்து, ஓடுகிற வெள்ளத்தை ஒரு கோரு கோரி, ராஜபாயின் மூக்குக்கண்ணாடியின்மேல் பளாரென்று அடித்தது.