ஏழாவது வரியை எழுதியது நான்தான்

ஐயா, என் கடைச் சுவரில் இருந்த பட்டியலைத் திருடியவர் நீங்கள்தான். பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதுவே உங்கள் கம்ப்யூட்டர் பாட்டு வகுப்புக்கு இலவச விளம்பரம் ஆகிவிடும். ஒயர் வாங்க வந்த மாதிரி வந்தீர்கள், விலை கேட்டீர்கள், ஃபோனைத் தூக்கிச் சுவரைப் படம் எடுத்தீர்கள், ஒயரும் வாங்காமல் போனீர்கள். இப்போது உங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு முழுப் பக்கத்துக்கு என் பட்டியல், அதற்கு மேலே உங்கள் புகைப்படம். என் எழுத்துப் பிழைகளைத் திருத்தியிருக்கிறீர்கள். அதற்கு மட்டும் நன்றி.

மற்றவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் பாட்டு செய்யக் கற்கிறவர்களுக்கு முதல் வாரமே ஒரு வியாதி வரும். திரையில் கோடு ஓடும், கலர் கலராகக் கட்டம் நகரும், காதில் மட்டும் ஒன்றும் விழாது. உங்களுக்கும் வந்திருக்கும், லேப்டாப்பின் முதுகில் ஓங்கி ஒன்று போட்டிருப்பீர்கள். ராயபுரத்தில் அந்த வியாதிக்கு வைத்தியம் பார்க்கிறவள் நான், ஃபிலோமினா. பத்தாவது ஃபெயில். பேரம் காசிமேட்டு மீன் ஏலத்தில் கற்றது, ஒயர் வேலை மைக்செட் கடையில் திட்டு வாங்கிக் கற்றது, கோபம் கூடவே பிறந்தது.

வருகிறவர்களின் கோளாறை ஒவ்வொரு வரியாகக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். 'சத்தம் வரலியா? இந்தப் பத்து இடத்தைப் பாரு' என்று தலைப்பு. அதைத்தான் இந்த மனிதர் தன் மூளையில் உதித்தது என்கிறார். ஃபோன் போட்டுக் கேட்டேன். "இதெல்லாம் பொதுவான விஷயம் மேடம், உலகத்துக்கே தெரிஞ்சது" என்றார். எனக்குக் காசு வேண்டாம். அந்தப் பக்கத்தில் என் பேர் வேண்டும். பொதுவான விஷயமா, எங்கள் விஷயமா என்று, அந்த வியாதியில் அடிபட்ட நீங்களே படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

காலி நாற்காலிக்கு மைக்

முதல் வரிக்குச் சொந்தக்காரர் சேகர் அண்ணன். கொருக்குப்பேட்டை, ரயில்வே தண்டவாள வேலை, கானாவுக்கு பீட் போடுவார். வாசலில் கால் வைக்கும்போதே சண்டையோடு வந்தார். "இன்னா தங்கச்சி, நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. காலைலருந்து ஒரே பேஜாரா கீது. இந்த சாஃப்ட்வேரு டூப்ளிகேட்டா?" "நானா உனக்கு வித்தேன்? என்னை இன்னாத்துக்குக் கேக்கற?" என்று நானும் கத்தினேன். தெருவில் போன இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

திரையைப் பார்த்தேன். வாத்தியத்துக்கு ஒரு வரிசையாகப் பதினோரு டிராக்கில் மேளமும் கீபோர்டும் நிறைந்து கிடக்கின்றன. கடைசியில் ஒன்றுமே போடாத ஒரு டிராக். அதில் 'சோலோ' பட்டன் மஞ்சளாக எரிகிறது. சோலோவை அமுக்கினால் அந்த ஒரு டிராக் மட்டும்தான் கேட்கும், மற்றதெல்லாம் அடங்கிவிடும். "பதினோரு பேரு பாட ரெடியா உக்காந்துகினு கீறாங்க. நீ இன்னாடான்னா காலி நாற்காலிகிட்ட மைக்கைக் குடுத்துட்டு, மத்தவன்லாம் வாயை மூடுன்னுட்ட" என்றேன். பட்டனை நான் தட்டவில்லை, அவரையே தட்ட வைத்தேன். மேளம் இடித்த இடியில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. சேகர் அண்ணன் அந்தப் பட்டனைக் காட்டிச் சொன்னார்: "எங்க யூனியன் மீட்டிங்கும் இப்டித்தாம்மா நடக்குது."

வெறுங்கூடை

திவ்யா மணலி புதுநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாள். அக்காவின் நிச்சயதார்த்தத்துக்குத் தானே ஒரு பாட்டு செய்து வைத்திருந்தாள். மறுநாள் காலையில் நிச்சயம். பென்டிரைவில் பாட்டின் ஃபைலை மட்டும் எடுத்து வந்திருந்தாள். என் கம்ப்யூட்டரில் திறந்தால் கட்டமெல்லாம் ஒழுங்காக நிற்கிறது, சத்தம் மட்டும் இல்லை. "உன் கம்ப்யூட்டர்தான்கா ரிப்பேரு" என்று என்னிடமே சொன்னாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்த ஃபைலில் இருப்பது எந்தச் சத்தம் எங்கே வரவேண்டும் என்கிற குறிப்புதான். சத்தமெல்லாம் அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் வேறு ஃபோல்டரில் தூங்கிக்கொண்டிருக்கிறது. "ஏலத்துல எடுத்த மீனை அங்கயே வுட்டுட்டு, வெறுங்கூடையோட வூட்டுக்கு வந்து, கொழம்புல மீனு வாசனையே வரலியேன்னு அடுப்பைத் திட்டுவியா?" என்றேன்.

பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிப் போனாள். கோபித்துக்கொண்டு போய்விட்டாள், கிராக்கி போச்சு என்றுதான் நினைத்தேன். மூன்று மணி நேரத்தில் முழு ஃபோல்டரோடு திரும்பி வந்து நின்றாள், மறுபடி இரண்டு பஸ். பாட்டு முதல் வரியிலிருந்து கடைசி வரை கணீரென்று ஓடியது. நடுவில் மட்டும் ஒரு ஃபேன் சத்தம் இரைந்தது. திவ்யா என்னைப் பார்த்துச் சிரித்தாள்: "மீனை மொத்தமா கொணாந்துட்டேன், செதிலை நீ எடுத்துக் குடு."

மேளத்தைத் தின்ற கம்ப்யூட்டர்

தேசப்பன் முகத்துவாரக்குப்பத்து மீனவர். மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் கிடக்க, கையைக் கட்டிக்கொண்டு உட்காரப் பிடிக்காமல் பாட்டு செய்ய இறங்கியவர். "மோளத்தைக் கம்ப்யூட்டரு துன்னுட்சுக்கா. பாட்டு வருது, மோளம் வரல" என்றார். நான்கு தடவை சாஃப்ட்வேரை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டாராம். பார்த்தால், மேளத்தை முழுக்க இடது காதுப் பக்கமும் பாட்டை முழுக்க வலது காதுப் பக்கமும் ஒதுக்கி வைத்திருக்கிறார். ஹெட்ஃபோனைப் பிடுங்கி, ஒயர் முனையில் லேப்டாப்பில் சொருகுகிற பின்னைப் பார்த்தேன். பாசி பிடித்த மாதிரி பச்சை. இடது காதுக்குப் போகும் வழி உப்புக்காற்றில் அடைத்துக் கிடக்கிறது. பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பரை எடுத்து இரண்டு நிமிஷம் தேய்த்தேன். அந்தப் பின் வெள்ளிக்காசு மாதிரி ஆனது, மேளம் வந்துவிட்டது.

'கடலோரத்து ஆளா? பின்னை ரப்பரால தேய்' என்று ஐந்தாவது வரியை எழுதினேன். புத்தகக்காரர் அதை 'கடலோரவாசிகள் அழிப்பானால் தேய்க்கவும்' என்று சுத்தத் தமிழாக்கியிருக்கிறார். எதைத் தேய்க்க வேண்டும் என்பதை விட்டுவிட்டார். அதைப் படித்து எத்தனை பேர் லேப்டாப் திரையைத் தேய்த்தார்களோ! தேசப்பன் அன்றைக்கு ரப்பரையும் என்னிடம் கேட்டு வாங்கி மடியில் செருகிக்கொண்டு சொன்னது: "எங்காண்ட நங்கூரத்தையே உப்புக்காத்து கரைச்சிடுது, இந்த ஊசி எம்மாத்திரம்!"

அஞ்சரை மணிக்குப் போகும் சத்தம்

இதுதான் ஏழாவது வரி. கவனமாகப் படியுங்கள். மரியநாதன் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். வீடு மாதா கோயிலுக்குப் பின்னால், கோயில் ஹாலின் சுவரை ஒட்டி. கல்யாண ஊர்வலத்துக்குக் குத்துப்பாட்டு செய்வார். மூன்று தடவை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடையில் வைத்தால் சத்தம் கணீரென்று வருகிறது. வீட்டுக்குக் கொண்டுபோனால் சாயங்காலம் அஞ்சரைக்குப் போய்விடுகிறது, ஏழு மணிக்குத் தானாக வந்துவிடுகிறது. நான்காவது தடவை எனக்கு மண்டை கொதித்தது. "உன் லேப்டாப்பும் ஹார்பர்ல ஷிஃப்டு பாக்குதா? நான் வூட்டுக்கே வரேன். சத்தம் போறதை என் கண்ணால பாக்கணும். போகலன்னா, என் உசுரை வாங்கினதுக்கு உன் அடுத்த பாட்டுல மொத வரி என் கடை பேரு" என்றேன். சரி என்றார்.

அஞ்சரைக்கு அவர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பாட்டை ஓட விட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "போச்சுக்கா! போச்சு!" என்று ஹெட்ஃபோன் போட்ட மனிதர்கள் கத்துகிற மாதிரி கத்தினார். சத்தத்தை ஏற்றினார், இன்னும் ஏற்றினார். திரையில் சத்தத்தின் அளவு காட்டும் பச்சைக் கோடு துள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. அப்படியென்றால் சத்தம் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. எங்கே? அவர் தலையிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றினேன். சுவருக்கு அந்தப் பக்கம் கோயில் ஹாலில் பாட்டுக் குழு மாதா பாட்டுப் பயிற்சி செய்துகொண்டிருந்தது. அவர்கள் பாட்டுக்கு நடுவே டண்டணக்கு டண்டணக்கு என்று மரியநாதனின் மேளம்!

கிறிஸ்துமஸுக்குப் பாட்டுப் போட அந்த ஹால் ஸ்பீக்கரோடு தன் லேப்டாப்பைப் புளூடூத்தில் சேர்த்திருக்கிறார். மனிதர் மறந்துவிட்டார், ஸ்பீக்கர் மறக்கவில்லை. தினமும் அஞ்சரைக்குப் பாட்டுக் குழு அதைப் போட்டதும் அது இவர் லேப்டாப்பைப் பிடித்துக்கொள்கிறது. ஏழு மணிக்கு அணைத்ததும் விட்டுவிடுகிறது. நான் அந்தத் தொடர்பை அறுத்தேன், அவர் ஹெட்ஃபோனில் மேளம் திரும்பியது. அதற்குள் பாட்டுக் குழுவை நடத்தும் ரீட்டா டீச்சர், பாட்டுப் புத்தகத்தை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார்: "ஒரு வாரமா ஃபாதர் வந்து ஸ்பீக்கருக்குத் தீர்த்தம் தெளிச்சிகினு கீறாரு, நீ இங்க உக்காந்துகினு குத்துப்பாட்டு போட்டுகினு கீறியாடா?"

கை தூக்கிய கோகிலா

அன்று சாயங்காலமே சுவரில் எழுதினேன்: 'அஞ்சரைக்குச் சத்தம் போச்சுன்னா கோயில் ஹாலுல போய்ப் பாரு.' புத்தகக்காரர் இதையும் விடவில்லை. 'மாலை ஐந்தரை மணிக்கு ஒலி நின்றால் கோயில் அரங்கில் சென்று பார்க்கவும்' என்று அச்சடித்து, நகரத்தின் தெற்குக் கோடியில் வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்த வகுப்பில் படிக்கிறவர் கோகிலா, பேங்க் வேலை. அவர் வீட்டிலும் சத்தம் வரவில்லை. புத்தகத்தைப் பார்த்து வரி வரியாகச் செய்திருக்கிறார். ஏழாவது வரிக்கு வந்ததும் நிஜமாகவே தன் தெருப் பிள்ளையார் கோயிலுக்குப் போய் நின்றிருக்கிறார். அங்கே ஹாலே கிடையாது. ராயபுரத்தில் இருக்கும் அண்ணியிடம் இதைச் சொல்லிப் புலம்ப, அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார். அண்ணி பாடுவது ரீட்டா டீச்சரின் குழுவில். கையோடு கோகிலாவை என் கடைக்கு இழுத்து வந்துவிட்டார்.

கோகிலாவின் கோளாறு என் பத்து வரியிலும் இல்லை. அவர் புதிதாகப் பாட்டு வாசிக்கிற கீபோர்டு ஒன்றை வாங்கிக் கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் மௌஸில் தட்டுகிறவர்கள், கீபோர்டோடு யாரும் வந்ததில்லை. கீபோர்டின் கட்டையை அமுக்கினால் திரையில் விளக்கு துள்ளுகிறது, சத்தம் இல்லை. நாலு நிமிஷம் முழித்தேன், ஐந்தாவது நிமிஷம் பிடித்துவிட்டேன். கட்டை வெறுமே ஆர்டர் சொல்கிற ஆள். சமைப்பதற்கு உள்ளே ஒருவரை உட்கார வைக்க வேண்டும். அந்த டிராக்கில் பியானோவோ நாகஸ்வரமோ எதையும் போடாமல் வைத்திருந்தார். நாகஸ்வரத்தைப் போட்டேன். அண்ணியும் நாத்தனாரும் கை தட்டினார்கள். அவர்கள் கண்ணெதிரே பதினோராவது வரியைச் சுவரில் எழுதினேன். "வகுப்புல இதையெல்லாம் கேக்கலியா?" என்றேன். கோகிலா அமைதியாகச் சொன்னார்: "கை தூக்கி, 'அஞ்சரைக்குப் பதிலா ஆறு மணிக்குப் போனா ஆகாதா சார்'னு கேட்டேன் மேடம், அவர் உடனே டீ பிரேக் விட்டுட்டாரு."

கடைசி விலை

இப்போது மறுபடி உங்களிடம் வருகிறேன், ஐயா. ஏலத்தில் விலை ஏறும். உங்களுக்காக நான் இறங்கியே வந்திருக்கிறேன். முதலில் கேட்டது, விற்ற புத்தகத்தையெல்லாம் திரும்ப வாங்கு என்று. அது முடியாது என்றீர்கள். அந்தப் பக்கத்தையாவது கிழி என்றேன். சிரித்தீர்கள். வகுப்பில் எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை மன்னிப்பு என்றேன். ஃபோனை வைத்துவிட்டீர்கள். சரி, இதுதான் என் கடைசி விலை, இதற்குக் கீழே ஒரு பைசா இறங்க மாட்டேன்: அடுத்த பதிப்பில் ஏழாவது வரிக்குக் கீழே என் பேர். எழுத்து சின்னதாக இருக்கலாம், பிழை இருக்கக் கூடாது. ரீட்டா டீச்சர், மரியநாதன், சேகர் அண்ணன், இப்போது உங்கள் மாணவி கோகிலா, அத்தனை பேரும் எனக்குச் சாட்சி. உங்கள் பக்கம் சாட்சி சொல்ல அந்தப் பிள்ளையார்கூட வர மாட்டார்.

சத்தம் வராத பதினோரு இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டேன், பன்னிரண்டாவது உங்கள் வாய்தான், அதைத் திறந்து 'ஃபிலோமினா' என்று சொல்லி அச்சில் ஏற்றுகிற வேலையை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.